இரத்தக் குழாய் விரிகிறது என்றால், அதை விரிப்பது யார்?

மாம்பலம்வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 66 வயது. மேற்கு மாம்பலத்தில் குடியிருக்கிறேன். இரத்த அழுத்தத்துக்காக நான்கு ஆண்டுகளாக அம்லோடிபின் மாத்திரை எடுத்து வருகிறேன். முதலில் 5 மில்லிகிராம், இந்த ஜனவரியிலிருந்து 10 மில்லிகிராம். கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் தியாகராய நகரில் ஒரு கல்யாணத்துக்குப் போய், இரண்டாம் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, பிற்பகல் இரண்டு மணி அளவில் பேருந்துக்காக ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம் நின்றிருந்தேன். திடீரென்று கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் பூக்கூடையோடு நின்றிருந்த அம்மாள் கையைப் பிடித்து உட்கார வைத்திராவிட்டால் விழுந்தே இருப்பேன். உட்கார்ந்த சில நிமிடங்களில் தெளிந்துவிட்டது.

மறுநாள் மருத்துவரைப் பார்த்தேன். வெயிலில் இரத்தக் குழாய்கள் விரிந்ததால் அழுத்தம் இறங்கியிருக்கும் என்றார். போன இடத்திலேயே, மாலையானால் கணுக்கால் வீங்குவதையும் சொன்னேன். மாத்திரை இரத்தக் குழாயை விரிப்பதால் வரும் வீக்கம் அது என்றார். சரி, அந்த மாத்திரை அழுத்தத்தை எப்படிக் குறைக்கிறது என்று கேட்டால், அதற்கும் இரத்தக் குழாயை விரித்துத்தான் என்றே பதில் வந்தது. வந்த தொல்லை, தின்னும் மருந்து, மருந்தால் வரும் தொல்லை ஆகிய மூன்றுக்கும் ஒரே விளக்கம் கிடைத்ததில் எனக்குக் குழப்பம்தான் மிச்சம். வெளியே பத்துப் பேர் காத்திருந்ததால் மேலும் கேட்க மனம் வரவில்லை. ஆகவே இங்கே கேட்கிறேன்.

குழாய் விரிவது என்பது தண்ணீரின் வேகத்தில் ரப்பர் குழாய் உப்புவதைப் போன்றதா? விரியச் சொல்லி உத்தரவிடுவது மூளையா, இதயமா, அல்லது அந்தக் குழாயே தானாக விரிகிறதா? நடுத்தெருவில் ஆளை மயக்கிப் போடும் அளவுக்கு உடல் ஏன் இப்படி ஒரு காரியத்தைச் செய்துகொள்கிறது? என் அண்ணியாருக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது என்கிறார்கள். அதுவும் இதே விரிவுதானா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முன்னாள் ஆசிரியை எழுதுகிறார்:

ஐயா, வணக்கம். நான் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். உங்களைப் பரிசோதிக்காமல் உங்களுக்கு நேர்ந்தது இன்னதுதான் என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். பொதுவான இயக்கத்தை மட்டும் விளக்குகிறேன்.

ரப்பர் குழாய் உவமையில் பாதி உண்மை இருக்கிறது. இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாயான தமனியின் சுவரில் மூன்று அடுக்குகள் உண்டு. நடு அடுக்கில் மென்தசைச் செல்கள் குழாயைச் சுற்றி வளையம் வளையமாக அமைந்திருக்கின்றன. இத்தசை எந்நேரமும் ஓரளவு சுருங்கியே இருக்கிறது. நாம் தூங்கும்போதும் அது முழு ஓய்வு கொள்வதில்லை. நம் விருப்பத்தைக் கேளாமல் தானாக இயங்கும் பரிவு நரம்புகள் இடைவிடாமல் மெல்லிய தூண்டலை அனுப்பி அந்தப் பிடியைக் காத்து வருகின்றன. தூண்டல் குறைந்தால் பிடி தளரும். தளர்ந்த சுவரை உள்ளே ஓடும் இரத்தத்தின் அழுத்தம் வெளிப்புறமாகத் தள்ளும். ஆகவே, குழாயை இழுத்துத் திறக்கும் தசை என்று தனியாக ஒன்று கிடையாது. இறுக்கிப் பிடித்திருப்பதை விடுவதைத்தான் விரிவு என்கிறோம். 1851, 1852 ஆண்டுகளில் பிரான்சின் குளோத் பெர்னார் முயலின் கழுத்தில் ஒரு பக்கத்துப் பரிவு நரம்பை அறுத்தபோது, அந்தப் பக்கத்துக் காதின் இரத்தக் குழாய்கள் நிரம்பி, காது சூடேறியது. நரம்பை வெட்டினால் அந்த இடம் குளிர்ந்து சோர்ந்துபோகும் என்று எதிர்பார்ப்பதுதானே இயல்பு, நடந்ததோ நேர்மாறு.

இந்தத் தசைப்பிடியின் விளைவு பெரிதும் வெளிப்படும் இடம் பெரிய தமனிகள் அல்ல, மயிரிழையிலும் மெல்லிய குழாய்களான தந்துகிகளுக்குச் சற்று முன்னால் இருக்கும் நுண்தமனிகள். தந்துகிகளுக்குத் தசை கிடையாது. அவற்றுக்குள் எவ்வளவு இரத்தம் போகலாம் என்பதை முன்வாசலில் நிற்கும் நுண்தமனிதான் தீர்மானிக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் புவாசே கண்டறிந்த விதிப்படி, மெல்லிய குழாயில் ஓடும் திரவத்தின் அளவு அதன் ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. மற்றவை மாறாமல் ஆரம் மட்டும் பத்து விழுக்காடு கூடினாலே ஓட்டம் 46 விழுக்காடு கூடும். இரட்டித்தால் பதினாறு மடங்காகும். கண்ணுக்கே தெரியாத சிறு தளர்ச்சி ஆளையே சாய்ப்பது இந்தக் கணக்கினால்தான்.

உத்தரவு யாருடையது என்று கேட்டீர்கள். ஒருவருடையதன்று. பரங்கிமலைப் படிகளில் நீங்கள் ஏறும்போது தொடைத் தசைகள் ஆக்சிஜனைச் செலவழித்து, கரியமில வாயு, பொட்டாசியம், அடினோசின் முதலியவற்றை வெளியிடுகின்றன. இவை அக்கம்பக்கத்து நுண்தமனிகளை நேரடியாகவே தளர்த்துகின்றன, மூளையைக் கேட்பதில்லை. ஓய்வில் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தை அனுப்புகிறது. அதில் தசைகளின் பங்கு ஐந்தில் ஒன்று அளவே. நல்ல உடல்நிலையில் உள்ள இளைஞர் கடுமையாக ஓடும்போது மொத்த அளவு 20 லிட்டரைத் தாண்டும். அதில் ஐந்தில் நான்கு பங்கு வரை தசைகளுக்கே போகும். நுரையீரல் மட்டும் இதற்கு எதிர்த்திசையில் நடந்துகொள்கிறது: ஆக்சிஜன் குறைந்த பகுதியில் அதன் குழாய்கள் சுருங்குகின்றன. காற்று வராத மூலைக்கு இரத்தத்தை அனுப்பிப் பயன் என்ன?

மூன்றாவது உத்தரவு குழாயின் உட்பரப்பிலிருந்தே வருகிறது. இதில் ஒரு சுவையான வரலாறு உண்டு. வகுப்பில் இதைச் சொல்லாமல் நான் விட்டதில்லை. அமெரிக்காவில் ராபர்ட் ஃபர்ச்காட் என்பவர் முயலின் பெருந்தமனித் துண்டுகளைத் தொங்கவிட்டு மருந்துகளைச் சோதித்து வந்தார். அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் உயிருள்ள உடலில் குழாயை விரிக்கும். ஆனால் அவருடைய துண்டுகளிலோ அது சுருக்கத்தையே உண்டாக்கியது. துண்டை வெட்டித் தயாரிக்கும்போது உட்புறத்தை உரசிவிடுவதால், அங்கே ஒற்றை அடுக்காகப் படிந்திருக்கும் உள்வரிச் செல்கள் உதிர்ந்துபோனதே காரணம் என்பது பின்னர் புலப்பட்டது. உரசாமல் பாதுகாத்த துண்டுகள் ஒழுங்காகத் தளர்ந்தன. 1980ஆம் ஆண்டு அவர் இதை வெளியிட்டபோது, வெறும் பூச்சு என்று எண்ணப்பட்டு வந்த அந்த அடுக்கு, தசைக்குச் செய்தி அனுப்பும் உறுப்பாகவே தெரிந்தது. அந்தச் செய்தி நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்பது அடுத்த சில ஆண்டுகளில் உறுதியாயிற்று. அண்ணா சாலையில் வண்டிப் புகையோடு வெளியேறும் அதே வாயுதான். உடலுக்குள் மிகச் சிறிய அளவில் உண்டாகி, சில நொடிகளே நீடித்து மறைகிறது. இரத்தம் உட்பரப்பை உரசிக்கொண்டு வேகமாக ஓடும்போதும் இது சுரக்கிறது. இந்தக் கண்டுபிடிப்புக்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகிய மூவருக்கும் 1998ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

இனி உங்கள் பேருந்து நிறுத்தத்துக்கு வருவோம். வெயிலில் நிற்கும்போது உள்சூட்டை வெளியேற்ற, உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸ் தோலின் குழாய்களைத் திறந்துவிடுகிறது. சாதாரணமாக நிமிடத்துக்கு அரை லிட்டருக்குள் இருக்கும் தோலின் இரத்த ஓட்டம், கடும் வெப்பத்தில் 6 முதல் 8 லிட்டர் வரை போகக்கூடும். அதே நேரத்தில் நீங்கள் நின்றுகொண்டிருந்ததால் அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் கால் சிரைகளில், அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்களில், இறங்கித் தேங்கியிருக்கும். நடந்தால் கெண்டைக்கால் தசை அதைப் பிழிந்து மேலே அனுப்பும். அசையாமல் நின்றால் அதுவும் நடக்காது. இவற்றோடு நீங்கள் போகிற போக்கில் சொல்லிச் சென்ற இரண்டாம் பந்தியை நான் விட்டுவிட மாட்டேன். வயிறு நிறைய உண்டபின் குடலின் குழாய்கள் விரிகின்றன; முதியவர்களுக்கு உணவுக்குப் பின் இரத்த அழுத்தம் இறங்குவது நன்கு அறியப்பட்ட ஒன்று. தோலும் குடலும் காலும் ஒரே வேளையில் பங்கு கேட்டிருக்கின்றன. காலையில் தின்ற மாத்திரையும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு விரிவுக்கும் அதனதன் அளவில் காரணம் உண்டு. எல்லாம் ஒன்றாக வந்ததைத்தான் உங்கள் உடலால் ஈடுகட்ட முடியாமல் போயிருக்கலாம்.

அண்ணியாருக்கு இருப்பது வேறு. நம் பேச்சுவழக்கில் யாழின் தந்தி முதல் கையில் புடைத்துத் தெரியும் குழாய் வரை எல்லாமே நரம்பு என்பதால் வரும் குழப்பம் இது. சுருட்டிக்கொண்டிருப்பது நரம்பன்று, சிரை. அதன் உள்ளிருக்கும் ஒருவழி வால்வுகள் பழுதாகி, இரத்தம் கீழ்நோக்கித் தேங்கி, சுவர் நிரந்தரமாகத் தொய்ந்துவிட்ட நிலை அது. நாம் பேசும் விரிவு நிமிடத்துக்கு நிமிடம் மாறி மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புவது. தொய்வு அப்படித் திரும்பாது.

காசிமேட்டுக்காரன் எழுதுகிறார்:

ஆசிரியை அம்மா அவர்களுக்கு வணக்கம். சூட்டுக்கு விரியும், குளிருக்குச் சுருங்கும் என்றால் எங்கள் துறைமுகத்தில் நடப்பது பொருந்தவில்லையே. விடியற்காலையில் பெட்டிகளில் ஐஸ் கொட்டி மீன் அடுக்கும்போது விரல்கள் முதலில் வெளுத்து மரத்துப்போகும். வலி உயிர் போகும். கொஞ்ச நேரம் கழித்து, கை இன்னும் ஐஸுக்குள் இருக்கும்போதே, விரல்கள் சிவந்து கதகதப்பாகிவிடும், மறுபடியும் வெளுக்கும். பழகிப்போனவர்களுக்கு அந்தச் சிவப்பு சீக்கிரம் வந்துவிடும் என்று என் தகப்பனார் சொல்வார். இது உண்மையான விரிவா, அல்லது எங்களுக்குத் தோன்றுவதா?

பெரம்பூர் மருந்தாளுநர் எழுதுகிறார்:

மாத்திரையையும் கணுக்காலையும் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன். மென்தசை சுருங்க வேண்டுமானால் செல்லுக்குள் கால்சியம் நுழைய வேண்டும். அம்லோடிபின் அந்த நுழைவாயிலை அடைக்கிறது. ஆசிரியை சொன்ன நைட்ரிக் ஆக்சைடும் வேறு வழியாக வந்து, தசைச் செல்லுக்குள் இருக்கும் கால்சியத்தைக் குறைக்கும் இடத்திலேயே போய் முடிகிறது.

ஆனால் அம்லோடிபின் நுண்தமனிகளைத் தளர்த்தும் அளவுக்குச் சிரைகளைத் தளர்த்துவதில்லை. உள்ளே வரும் வாசல் அகலமாகிறது, வெளியே போகும் வாசல் பழையபடியே இருக்கிறது. இடையில் உள்ள தந்துகியில் அழுத்தம் ஏறி, நீர் திசுக்களுக்குள் கசிகிறது. நாள் முழுவதும் நின்றும் உட்கார்ந்தும் இருப்பதால் அது கணுக்காலில் சேர்ந்து மாலையில் தெரிகிறது. 5 மில்லிகிராமைவிட 10 மில்லிகிராமில் இது கூடுதலாக வரும். நீங்கள் ஜனவரியில் மாற்றியதாகச் சொல்லும் தேதியைக் கணுக்கால் வீக்கம் தொடங்கிய தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உடலில் நீர் மிகுந்ததால் வந்த வீக்கமன்று என்பதால், சிறுநீர் பிரிக்கும் மாத்திரை இதற்குப் பெரிதாக உதவுவதில்லை. கடைக்கு வந்து அதைத் தாங்களாகவே கேட்டு வாங்க முயல்பவர்களை நான் வாரந்தோறும் திருப்பி அனுப்புகிறேன். சிரைகளையும் சேர்த்துத் தளர்த்தும் வேறு வகை மருந்தை உடன் கொடுத்தால் வீக்கம் குறைவதுண்டு. ஆனால் அந்த முடிவு உங்கள் மருத்துவருடையது. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வேறு காரணங்களாலும் கால் வீங்கும் என்பதால், ஒரே காலில் மட்டும் வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவை இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரைகள் உடலில் நைட்ரிக் ஆக்சைடாக மாறியே வேலை செய்கின்றன. ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் அதே நைட்ரிக் ஆக்சைடின் விளைவை நீடிக்கச் செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் அபாயகரமாக வீழ்ந்துவிடும். கூச்சத்தால் ஒன்றை மறைத்து மற்றொன்றைக் கேட்பவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபலுக்கே, தன் தொழிற்சாலையின் வெடிப்பொருளான நைட்ரோகிளிசரினை இதய நோய்க்கு மருந்தாக 1890களில் எழுதிக் கொடுத்தார்கள். விதியின் விளையாட்டு என்று அவரே கடிதத்தில் எழுதினார். நைட்ரிக் ஆக்சைடுக்கு அவர் பெயரிலான பரிசு கிடைத்ததை அவர் பார்க்கவில்லை.

முதுநிலை மாணவன் எழுதுகிறார்:

ஆசிரியை அம்மா எழுதியதில் ஒன்றை மட்டும் பணிவோடு திருத்த விரும்புகிறேன். பிடியை விடுவதுதான் விரிவு என்பது தசைகளின் குழாய்களுக்கும் உள்ளங்கை, விரல் நுனி ஆகியவற்றுக்கும் சரி. ஆனால் கை கால் உடம்பு முழுவதையும் மூடியிருக்கும் மயிருள்ள தோலில், சுருக்கும் நரம்புகளோடு, விரியச் சொல்லும் நரம்புகளும் தனியாக இருக்கின்றன. கடும் வெப்பத்தில் தோல் பெறும் கூடுதல் இரத்தத்தின் பெரும்பகுதி, பிடி தளர்வதால் வருவதன்று. இந்த நரம்புகள் தூண்டப்படுவதால் வருவது.

மேலும், குழாய் விரிவதால் மட்டும் உடல் குளிர்ந்துவிடுவதில்லை என்பதைச் சென்னைவாசிகள் கவனிக்க வேண்டும். தோல் சுமார் 35 பாகை செல்சியஸில் இருக்கும்போது காற்று 39 பாகையில் இருந்தால், வெப்பம் காற்றிலிருந்து தோலுக்குத்தான் வரும். அப்போது வியர்வை ஆவியாவது ஒன்றே வழி. விரிந்த குழாய்கள் அந்த வியர்வைக்கு வேண்டிய நீரையும் வெளியேற்ற வேண்டிய சூட்டையும் தோலுக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. நம் ஊர்க் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை ஆவியாகாமல் வழிந்து போகும். கடற்காற்று தாமதமாக நுழையும் நாள்களில் உடல் இரத்தத்தைத் தோலுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும், பலனோ குறைவாகவே இருக்கும். வழிந்துபோன நீரால் மொத்த இரத்த அளவும் குறைவதால் மயக்கம் இன்னும் எளிதாகிறது.

மாம்பலம்வாசி மீண்டும் எழுதுகிறார்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். எங்கள் அடுக்குமாடியில் காலை ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் மேல் மாடியில் நூல் மாதிரிதான் தண்ணீர் வரும். என் விஷயத்தில் அந்த மேல் மாடி, தலை. அப்படியானால் உடலில் இதைக் கண்காணிக்க ஒரு காவல்காரர்கூட இல்லையா? மருத்துவரிடம் அடுத்த முறை எதைச் சொன்னால் அவருக்கு உதவியாக இருக்கும்?

முன்னாள் ஆசிரியை எழுதுகிறார்:

தம்பியின் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். எளிமையாகச் சொல்லப்போய்த் தோலுக்கும் அதையே பொதுவாக்கிவிட்டேன்.

காசிமேட்டு அன்பர் பார்ப்பது உண்மையான விரிவுதான். இங்கிலாந்தின் தாமஸ் லூயிஸ் 1930ஆம் ஆண்டில் இதை விவரித்தார். பனிநீரில் வைத்த விரல் முதலில் இறுகச் சுருங்கும். ஐந்து முதல் பத்து நிமிடங்களில் திறந்துகொள்ளும். பிறகு மாறி மாறி நடக்கும். கடுங்குளிரில், சுருங்கச் சொல்லும் நரம்பு முனைகளின் செயலே மங்கிவிடுவதால் பிடி நழுவுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கம். விரல் நுனிகளில் தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் குறுக்குவழிக் குழாய்கள் நிறைய உள்ளன. அவை திறப்பதால்தான் அந்தத் திடீர்ச் சிவப்பும் கதகதப்பும். குளிரில் கை வைத்துத் தொழில் செய்பவர்களுக்கு இது விரைவாக வருவதைப் பல நாட்டு மீனவர்களிடம் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். உங்கள் தகப்பனார் சொன்னதில் தவறில்லை.

மாம்பலம் ஐயாவின் அடுக்குமாடி உவமை நன்றாகவே இருக்கிறது. ஆனால் உங்கள் கட்டடத்தின் தொட்டி மொட்டை மாடியில் இருக்கிறது. உடலின் மோட்டாரோ நடு மாடியில் இருக்கிறது, வேகத்தையும் மாற்றிக்கொள்ளும். காவல்காரர்களும் உண்டு. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. நீங்கள் எழுந்து நின்று அழுத்தம் சற்று இறங்கினால், ஓரிரு இதயத் துடிப்புகளுக்குள் அவை மூளைத்தண்டுக்குச் சேதி சொல்லி, துடிப்பைக் கூட்டி, உடலின் பல இடங்களின் நுண்தமனிகளை இறுக்கச் செய்கின்றன. வயது ஏற ஏற இந்தக் காவல் மந்தமாகிறது; மாத்திரை இறுகும் வலிமையைக் குறைத்திருக்கும்போது, சேதி போய்ச் சேர்ந்தாலும் பயன் குறைவு.

கண் இருட்டும்போது நிற்க முயலாமல் உடனே உட்காருங்கள். படுத்துக் காலை உயர்த்த முடிந்தால் இன்னும் நல்லது. வேறு வழியின்றி நிற்க நேர்ந்தால் கெண்டைக்காலையும் தொடையையும் இறுக்கி இறுக்கித் தளர்த்துங்கள்.

மருத்துவரிடம் போகும் முன், வீட்டில் அழுத்தமானி இருந்தால், ஐந்து நிமிடம் படுத்திருந்தபின் ஒரு முறையும், எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒரு முறையும், மூன்றாம் நிமிடத்தில் ஒரு முறையும் அளந்து எழுதுங்கள். பக்கத்தில் வீட்டார் ஒருவர் இருக்கட்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் அது கவனிக்கத்தக்க வீழ்ச்சி. காலை மாத்திரைக்கு முன் ஒரு நாள், மதிய உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்து ஒரு நாள் என்று நான்கைந்து நாள் குறித்து, அருகில் நேரத்தையும் அன்று வீக்கம் இருந்ததா என்பதையும் எழுதி, அந்தத் தாளை அவர் மேசையில் வையுங்கள். வெளியே பத்துப் பேர் காத்திருந்தாலும் அதைப் படிக்க அவருக்கு அரை நிமிடம் போதும்.